குரோமியம் உலோகம்தானே, அதன் ஆக்சைடு ஏன் அமிலமாகிறது?

உலோக ஆக்சைடு காரம், அலோக ஆக்சைடு அமிலம் என்று படித்தேன், ஆனால் குரோமியம் மூவாக்சைடு அமிலம் என்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொரீஷியஸில் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி) மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். இங்கேயும் இந்தச் சந்தேகம் அடிக்கடி வரும். நல்ல சந்தேகம். நீங்கள் படித்த விதி தொடக்கத்துக்கு மட்டும்தான். ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் அணு எலக்ட்ரான்களை எவ்வளவு பலமாகத் தன் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்.

கால்சியம் மிகக் குறைவாகவே இழுக்கிறது. அதனால் சுட்ட சுண்ணாம்பில் (கால்சியம் ஆக்சைடு) ஆக்சிஜன் ஆக்சைடு அயனியாக இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது நீரிடமிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கிக்கொள்ளும், ஹைட்ராக்சைடு உண்டாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பது இந்த ஹைட்ராக்சைடால்தான். கந்தக மூவாக்சைடு நேர்மாறு. +6 ஆக்சிஜனேற்ற நிலையில் (ஆறு எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கிடும் நிலையில்) உள்ள கந்தகம் நீரின் ஆக்சிஜனையே தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, ஹைட்ரஜன் புரோட்டானாகக் கழன்றுவிடுகிறது. கிடைப்பது கந்தக அமிலம்.

இப்போது குரோமியம். +2 நிலையில் அதன் ஆக்சைடு காரம், +3இல் ஈரியல்பு (அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும்), +6இல் அமிலம். அணு ஒன்றுதான், ஆக்சிஜனேற்ற எண் ஏற ஏற இழுப்பு கூடுகிறது. மாங்கனீசும் அப்படியே: +2இல் காரம், +7இல் அமிலம்.

கார ஆக்சைடும் அமில ஆக்சைடும் சந்திப்பதைப் பார்க்க எங்கள் தீவின் தொழிலான சர்க்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கரும்புச் சாறு இயல்பிலேயே அமிலம், பி.எச். 5 முதல் 5.5 வரை இருக்கும். அப்படியே காய்ச்சினால் சுக்ரோஸ் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைந்து வீணாகும். அதனால் சுண்ணாம்புப் பால் (தண்ணீரில் கலக்கிய சுண்ணாம்பு) சேர்க்கிறார்கள். அமிலம் தணிவதோடு, சாற்றிலுள்ள பாஸ்பேட் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்து அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். சல்பிட்டேஷன் என்ற முறையில் சுண்ணாம்பைக் கூடுதலாகவே போட்டு, கந்தகத்தை எரித்து வரும் சல்பர் டை ஆக்சைடை உள்ளே செலுத்துவார்கள். கார ஆக்சைடும் அமில ஆக்சைடும் சேர்ந்து கால்சியம் சல்பைட் என்ற உப்பாகப் படியும். (அந்தக் காலத்தில் இங்கே பவளப் பாறையைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பழைய சூளைகளைக் கடற்கரையோரம் இன்றும் பார்க்கலாம்.)

மணலில் பலர் சறுக்குகிறார்கள். சிலிக்கான் டை ஆக்சைடு தண்ணீரில் கரையாது, லிட்மஸ் நிறம் மாறாது, உடனே நடுநிலை என்று எழுதிவிடுகிறார்கள். அது அமில ஆக்சைடுதான்: சூடான அடர் சோடியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து சிலிக்கேட் தரும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு போன்றவைதான் நடுநிலை.

சரி, தேர்வில் தெரியாத உலோக ஆக்சைடு வந்தால்? முதலில் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கணக்கிடுங்கள். +1, +2 என்றால் பெரும்பாலும் காரம், ஆனால் துத்தநாகமும் பெரிலியமும் ஈரியல்பு. +6, +7 என்றால் அமிலம் என்று தைரியமாக எழுதலாம். நடுவில் உள்ளவற்றுக்கு, அமிலத்தோடும் காரத்தோடும் தனித்தனியாக என்ன வினை நடக்கும் என்று சமன்பாடு எழுதிப் பாருங்கள்.