35 சதவிகிதம்

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் தோரா மரியா தெயெஸ் பற்றி ஒரு கூட்டத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டுத் தேடிப் படித்தேன். 22 வயதில் தேசிய மாளிகையையே கைப்பற்றியவர். ஆனால் பின்னாளில் அவர் தொடங்கிய எதிர்க்கட்சி ஒருமுறைகூட ஆட்சியைப் பிடிக்கவில்லை. பழைய கட்சியிலேயே இருந்து உள்ளிருந்து திருத்தியிருந்தால் எதையாவது சாதித்திருப்பார் அல்லவா? அவருக்குப் பின்னால் அமெரிக்கா இருக்கிறது என்றும் சிலர் எழுதுகிறார்களே? அவரை அறிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அமெரிக்கக் கதையை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். ஹார்வர்டில் கற்பிக்க அழைப்பு வந்தபோது பயங்கரவாதத்தில் ஈடுபட்டவர் என்று சொல்லி 2005இல் அவருக்கு விசா மறுத்தது அமெரிக்கா. தேசத்துக்கு எதிராகச் சதி செய்தவர் என்று 2022இல் எட்டாண்டு சிறைத்தண்டனை விதித்தது, அவருடைய பழைய கட்சியின் தலைவரும் நிகரகுவாவின் அதிபருமான டேனியல் ஒர்தேகாவின் நீதிமன்றம். இரு தரப்பும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்.

என்னை உறுத்தியது ‘ஒருமுறைகூட ஆட்சியைப் பிடிக்கவில்லை’ என்ற உங்கள் வரிதான். தேர்தலைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பார்க்க யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

1979 ஜூலையில் சர்வாதிகாரி சொமோசா ஓடிப்போய், தெயெஸின் அந்தப் பழைய கட்சியினரான சாந்தினிஸ்டாக்கள் தலைநகர் மனாகுவாவுக்குள் நுழைந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். என் அறை நண்பன் ஏதோ ஓர் இதழில் வந்த படத்தைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்துச் சுவரில் ஒட்டினான். தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு பெண். அது தெயெஸ்தானா என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1990 தேர்தலில் சாந்தினிஸ்டாக்கள் எதிரணி வேட்பாளர் வியொலெத்தா சமோரோவிடம் தோற்றதும் ‘மக்கள் முட்டாள்கள்’ என்று இன்லண்டு லெட்டரில் எழுதியிருந்தான். சண்டை போட்டுப் பதில் எழுதினேன். ஆயுதத்தால் பிடித்த ஆட்சியை வாக்குச்சீட்டுக்குப் பணிந்து ஒப்படைத்தார்களே, அவர்கள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்றேன். இன்றும் அதையே சொல்வேன். அவன் பிறகு எழுதவில்லை.

ஆனால் ஒப்படைத்த கை சும்மா இருக்கவில்லை. பிப்ரவரியில் தோற்று ஏப்ரலில் பதவி விலகுவதற்குள் அரசு வீடுகளும் நிலங்களும் தலைவர்கள் பலரின் பெயருக்கு மாறின. உள்ளிருந்து திருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். திருத்தத்தான் பார்த்தார்கள். 1994 மாநாட்டில், துணை அதிபராக இருந்த செர்ஹியோ ரமீரெஸையே தலைமைக் குழுவிலிருந்து கழற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவரும் தெயெஸும் மற்றவர்களும் சேர்ந்து சாந்தினிஸ்டா புதுப்பிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். பிரச்சினை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

இந்த எண்களைப் பொறுமையாகப் படியுங்கள். ஒர்தேகா 1990இல் பெற்றது ஏறக்குறைய 41 சதவிகிதம், தோல்வி. 1996இல் 38, தோல்வி. 2001இல் 42, தோல்வி. 2006இல் மறுபடியும் 38, வெற்றி! 42 வாங்கித் தோற்றவர் 38 வாங்கி அதிபரானது எப்படி? 1996இல் வென்று அதிபரான அர்னால்டோ அலெமான் ஊழல் புகார்களில் சிக்கியிருந்தார். ஒர்தேகாவுக்கோ நாற்பதைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. பரம எதிரிகளான இருவரும் 1999இல் உட்கார்ந்து பேசினார்கள். முதல் சுற்றிலேயே வெல்ல 45 சதவிகிதம் வேண்டும் என்றிருந்த விதி 40 ஆனது. அடுத்தவரைவிட ஐந்து புள்ளி முந்தினால் 35 போதும் என்றும் ஆனது. 2006இல் எதிர்த்தரப்பு இரண்டாக உடைந்து நின்றது. இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல். பழைய விதி இருந்திருந்தால் இரண்டாம் சுற்று நடந்திருக்கும். நடக்கவில்லை, அவ்வளவுதான். அன்று ஏறியவர் இன்றுவரை இறங்கவில்லை. மறுபோட்டிக்கு இருந்த தடையை முதலில் நீதிமன்றத்தைக் கொண்டும், 2014இல் அரசியல் சாசனத்தைத் திருத்தியும் தூக்கினார். இப்போது மனைவியும் இணை அதிபர்.

ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆர். ஓர் எண்ணை மாற்றினார்கள். 1978 ஆகஸ்டில் சொமோசாவின் காவல்படைச் சீருடை போட்டுக்கொண்டு தேசிய மாளிகைக்குள் புகுந்த இளைஞர்களின் கதை உங்களுக்கு மனப்பாடம். அவர்களில் ‘இரண்டாம் தளபதி’யான தெயெஸ் லெயோன் நகரில் மருத்துவம் படித்த மாணவி என்பதையும் சிலிர்ப்போடு சொல்வீர்கள். ஆனால் ஒரு தேர்தல் விதி திருத்தப்படும்போது கொட்டாவி விடுவீர்கள். என் நண்பனும் இப்படித்தான். சுவரில் ஒட்ட முடியாத எதுவும் அவனுக்கு அரசியல் இல்லை.

தெயெஸிடம் எனக்கும் கோபம் உண்டு. அந்த ஒப்பந்தத்தின் நாற்றம் தெரிந்திருந்தும் 2001 தேர்தலில் அவருடைய கட்சி ஒர்தேகாவின் கூட்டணியில் போய் நின்றது. நல்லவர்கள் களைத்துப்போனால் செய்கிற காரியம் அது. ஆனால் 2008இல் கட்சியின் சட்ட அங்கீகாரத்தைப் பறிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மனாகுவாவின் சாலையோரத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தாரே, மாளிகைக்குள் புகுந்ததைவிட அதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும். துப்பாக்கியோடு போகிறவரைப் பார்த்து ஊர் சிரிப்பதில்லை. அங்கீகாரம் போனது போனதுதான்.

2021 ஜூனில் அவரைக் கைது செய்தார்கள். அதே நாளில் ஊகோ தோரஸையும் பிடித்தார்கள். 1974 டிசம்பரில் சொமோசாவின் ஆட்களைப் பணயமாகப் பிடித்து, அதற்கு ஈடாகச் சிறையிலிருந்து ஒர்தேகாவை மீட்ட குழுவில் இருந்தவர் இந்தத் தோரஸ். தான் மீட்டவரின் கைதியாகவே 2022 பிப்ரவரியில் இறந்தார். தெயெஸ் 605 நாட்கள் தனிமைச் சிறையில், மங்கிய வெளிச்சத்தில், புத்தகமோ பேனாவோ இல்லாமல் இருந்தார். 2023 பிப்ரவரி 9 அன்று 222 கைதிகளை விமானத்தில் ஏற்றி வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய குடியுரிமையையும் பறித்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் வரலாற்றாய்வாளரும்கூட. தான் பிறந்த மத்தகல்பா பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் பழங்குடிகளின் நிலம் எப்படிப் பறிபோனது என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஸ்பானிய மொழியில் இருக்கிறது. உங்களுக்கு வயதிருக்கிறது, கற்றுக்கொண்டு அதிலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கிப் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.