அக்குள் சதையை உறைய வைக்குமுன் அந்தக் கட்டியைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது, குடியாத்தம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு அக்குள் ஓரமும் சதை பிதுங்கி, எந்த ஜாக்கெட்டும் சரியாக உட்காரவில்லை. ஆவணியில் தங்கை கல்யாணம். வேலூரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் ‘ஃபேட் ஃப்ரீசிங்’ செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதனால் கேன்சர் வருமா? செத்த கொழுப்பு இதயத்துக்குப் போகுமா? ஒரு மாடலுக்கு உடம்பே கெட்டுப்போனதாக வீடியோ பார்த்தேன். வீட்டிலேயே ஐஸில் உப்பு போட்டு வைக்கலாமா? வலது அக்குளில் இரண்டு மாதமாக ஒரு சின்னக் கட்டியும் இருக்கிறது. வலி இல்லாததால் பயப்படவில்லை. மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை போட்டேன், குறையவில்லை.

பதில்: கொழுப்பை உறைய வைக்கும் அந்த மெஷினால் கேன்சர் வராது. ஆனால் உங்களை உறுத்துவது மெஷின் இல்லை என்று நினைக்கிறேன். பயமே இல்லாதவர் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கமாட்டார். அந்தக் கட்டியைப் பற்றியே முதலில் பேசுவோம்.

வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நம் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். அக்குள் விஷயத்தில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஷேவ் செய்த காயம், கையில் முள் குத்திய புண், சின்னச் சீழ்க்கட்டி இவற்றால் நெறி கட்டினால் தொட்டாலே வலிக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வாடிவிடும். இரண்டு மாதமாக ஒரே பக்கத்தில், வலியும் இல்லாமல், வாடவும் வாடாமல் இருக்கிற கட்டியைத்தான் டாக்டர்களான நாங்கள் விடக் கூடாது. அது வெறும் கொழுப்புக்கட்டியாக இருக்கலாம். டிபி நெறிக்கட்டியாக இருக்கலாம். அப்படியானால் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக மருந்து தருவார்கள், குணமாகிவிடும். மார்பகத்தில் இருக்கிற ஒன்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். கடிதத்தைப் படித்து நான் எது என்று சொல்ல முடியாது. மெஷின் வைத்திருப்பவரும் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வாரமே ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி. போதும், காலையிலேயே போய்விடுங்கள். இரண்டு மார்பகம், இரண்டு அக்குள், கழுத்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், தேவைப்பட்டால் மேமோகிராமும். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று சொல்லிச் சொல்லியே பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, மார்புக் காம்பில் கசிவு, இதில் எது இருந்தாலும் அவர்கள் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, இரண்டு பக்கமும் பிதுங்கும் சதை. பிரசவமாகி மூன்றாம் நாள் பால் கட்டியபோது அந்த இடமும் சேர்ந்து வீங்கி வலித்ததா? இப்போதும் மாதவிலக்குக்கு முன்னால் அங்கே கனக்கிறதா? ஆம் என்றால் அதில் இருப்பது கொழுப்பு மட்டும் இல்லை, துணை மார்பகத் திசுவும்தான். சில பெண்களுக்குப் பிறவியிலேயே இருக்கும், பிள்ளை பிறந்த பிறகுதான் வெளியே தெரியும். குளிர்விக்கும் மெஷின் பால் சுரப்பியைக் கரைக்காது. பணம் போகும், பிதுக்கம் அப்படியே இருக்கும். ரொம்பத் தொந்தரவாக இருந்தால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் மார்பகத்துக்கு வரும் நோய்கள் அதற்கும் வரலாம் என்பதால், அதே ஸ்கேனில் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மெஷின். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், பக்கத்துக் குடத்துத் தண்ணீர் உறையாது. அதே போலத்தான், தோல் தாங்குகிற குளிரைக் கொழுப்புச் செல் தாங்காமல் சாகிறது. சதையை உறிஞ்சிப் பிடித்து மைனஸ் 11 டிகிரி வரை குளிர்விப்பார்கள். பிடித்த இடத்தில் கொழுப்பு ஏறக்குறைய கால் பாகம் வரை குறையலாம், அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் மேல் கைச் சதைக்கும் பிரா ஓரத்துச் சதைக்கும் இதற்கு அனுமதி தந்தது. அக்குள் குழி வேறு. கைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் நெறிகளும் அங்கேதான் இருக்கின்றன.

செய்த பிறகு சில வாரம் மரத்துப்போவது, கன்றிப்போவது, கெட்டியாக வீங்குவது சாதாரணம். உங்களுக்கு இப்போது இது வேண்டாம் என்று நான் சொல்வதே அந்தக் கெட்டித்தன்மையால்தான். அந்த வீக்கத்துக்குள் உங்கள் கட்டி மறைந்துவிடும். ‘ட்ரீட்மென்ட் வீக்கம்’ என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் நம்புவீர்கள், இன்னும் மூன்று மாதம் போய்விடும்.

மற்றவை. செத்த கொழுப்பு இதயத்தை அடைக்காது. வாரக்கணக்கில் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும், ரத்தக் கொழுப்பு அளவு பெரிதாக மாறுவதில்லை. நீங்கள் பார்த்த மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டாவாக இருக்க வேண்டும், 2021-இல் அவரே வெளியே சொன்னார். குறைய வேண்டிய கொழுப்பு பல மாதம் கழித்துத் தடித்துக் கெட்டியாக வளர்வது உண்மை. அபூர்வம், ஆனால் தானாகக் கரையாது, அறுவை சிகிச்சை தேவைப்படும். இதை முன்கூட்டியே சொல்லாத கிளினிக்கில் எதையும் செய்துகொள்ளாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தடிப்பு வருகிறவர்களும், குளிரில் விரல் நீலம் பாய்கிறவர்களும் இந்தப் பக்கமே போகக் கூடாது.

ஐஸில் உப்பா? தயவுசெய்து செய்யவே செய்யாதீர்கள். உப்பு சேர்ந்தால் குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். மெஷினில் தோலைக் காக்க ஜெல் பேட் உண்டு, வெப்பநிலையைப் பார்க்கச் சென்சார் உண்டு. உங்கள் வீட்டு ஐஸ் பையில் எதுவும் இல்லை. கொழுப்புக்கு முன்னால் தோல் வெந்து தழும்பாகும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் இதோடு போதும். அது ஆன்டிபயாடிக்காக இருந்திருக்கலாம். சில ஆன்டிபயாடிக்குகள் டிபி கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைத்து, நோயைக் கண்டுபிடிப்பதையே தாமதமாக்கிவிடும்.

கிளினிக்கில் முன்பணம் கட்டியிருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். ஸ்கேன் முடிவு வந்து, கட்டி என்னவென்று தெரிந்த பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். கல்யாணத்துக்கு ஜாக்கெட்டைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள். சர்ஜனிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டை மிச்சமிருந்தால் எடுத்துப்போங்கள், என்ன போட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்.