தொடாமலே நகரும் ஜாய்ஸ்டிக்

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் எங்கள் கையடக்க வீடியோ கேம் கருவியில், இடப்பக்க ஜாய்ஸ்டிக்கை யாரும் தொடாதபோதும் திரையில் இருக்கும் பாத்திரம் தானாக மேல்நோக்கி நடக்கிறது. உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. வீட்டிலேயே சரிசெய்து, முடிந்தால் முன்பைவிட மேலாக்க வழி உண்டா? ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாம் என்கிறான் என் மகன்.
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம் என்று முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். இது இறுக்கத்தால் வந்த கோளாறு அன்று, தேய்மானத்தால் வந்தது. குமிழுக்கு அடியில், மேல்-கீழ் அசைவுக்கு ஒன்றும் இட-வல அசைவுக்கு ஒன்றுமாக இரண்டு மாறுமின்தடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கரிப்பூச்சுள்ள தடத்தின் மேல் சிறிய உலோகத் தொடுமுனை உரசிச் செல்கிறது. அது நிற்கும் இடத்தில் கிடைக்கும் மின்னழுத்தத்தைக் கொண்டே குமிழ் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கருவி அறிகிறது. ஓயாத உரசலில் பூச்சு தேய்ந்து கருந்தூளாகித் தடத்திலேயே படிய, நேராக நிற்கும் குமிழையும் சாய்ந்ததாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. எண்ணெய் விட்டால் அந்தத் தூள் குழம்பாகி ஒட்டிக்கொள்ளும்.

கருவியின் அமைப்புகளில் ஜாய்ஸ்டிக்கின் நடுநிலையைப் புதிதாகப் பதியும் வசதி இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். செலவில்லாத வழி அதுதான். பயன் இல்லையென்றால் கருவியை முழுவதுமாக அணைத்துவிட்டு, குமிழின் அடியில் பாவாடைபோல் விரிந்திருக்கும் மடிப்பை மெல்லத் தூக்கி, 99 விழுக்காடு தூய்மையுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓரிரு சொட்டு உள்ளே விட்டு, குமிழை எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே இயக்க வேண்டும். கை கழுவும் சானிடைசரில் நீரும் கிளிசரினும் கலந்திருக்கும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ஆகவே இரண்டுமே ஆகாது. இந்தச் சுத்தம் பல நேரங்களில் உடனே பலன் தரும். ஆனால் தேய்ந்த கரி திரும்பி வராது என்பதால், கோளாறு மீண்டும் தலைகாட்டினால் வியப்படையாதீர்கள்.

நிலையான தீர்வு வேண்டுமானால் ஜாய்ஸ்டிக்கையே ஹால் விளைவு வகைக்கு மாற்றுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். மின்சாரம் ஓடும் கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். இவ்வகை ஜாய்ஸ்டிக்கில் குமிழோடு சேர்ந்து ஒரு சிறு காந்தம் அசைய, எதிரே உள்ள உணரி அதைத் தொடாமலே அளக்கிறது. உணரும் இடத்தில் உரசல் இல்லாததால் அங்கே தேய்மானமும் இல்லை. 1998-இல் ஜப்பானில் வெளிவந்த சேகா ட்ரீம்காஸ்ட் என்ற வீடியோ கேம் கருவியின் கட்டுப்பாட்டுப் பிடியிலேயே இந்த முறை இருந்தது என்பதை நினைக்கும்போது, இன்றும் பல கருவிகள் கரித்தடத்தோடு விற்கப்படுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நடுவுக்கு இழுக்கும் சுருள்வில் மட்டும் இதிலும் நாளடைவில் தளரக்கூடும்.

வாங்கும்போது உங்கள் கருவியின் மாதிரிக்கே உரியதா என்று உறுதிசெய்யுங்கள். பிரிப்பதற்கு முன் திருகுகளின் தலையைக் கூர்ந்து பாருங்கள். மூன்று கீற்றுகள் மட்டும் இருந்தால் அதற்கென்றே உள்ள திருப்புளி தேவை, வேறு எதையாவது வைத்துத் திருப்பினால் தலை மழுங்கிவிடும். கருவியின் பின்புறத்தை ஒரு தாளில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதற்குரிய இடத்தில் வைத்துவரும் வேலையை மகனிடம் ஒப்படையுங்கள். நீளம் மாறிய திருகு மறுபக்கத்து ஓட்டைத் துளைத்துவிடக்கூடும். உள்ளே பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். கூரிய உலோகத்தால் அதை நெம்பாதீர்கள். பெரும்பாலானோர் தவறுவது ஜாய்ஸ்டிக்கிலிருந்து வரும் பட்டை நாடாக் கம்பியில்தான். அது செருகியிருக்கும் இடத்தில், அரிசியளவு அகலமே உள்ள பிளாஸ்டிக் தாழ் ஒன்று இருக்கும். அதை நகநுனியால் மேலே நிமிர்த்தினால் நாடா தானாக நழுவி வரும். தாழைத் திறக்காமல் இழுத்தால் நாடா கிழியும் அல்லது பலகையில் உள்ள பொருத்தி பெயர்ந்துவிடும். புதியதைச் செருகும்போது நாடா கோணாமல் அடிவரை சென்றதா என்று பார்த்துவிட்டுத் தாழை மூடுங்கள்.

மூடியதும் நடுநிலையை மறுபடியும் பதிய மறக்காதீர்கள். பழைய ஜாய்ஸ்டிக்கின் அளவுகளே கருவியின் நினைவில் இருப்பதால், அதைச் செய்யாவிட்டால் புதியதும் கோணலாகவே நடக்கும்.