செப்டம்பரில் கான்கூன்: பாதி விலை ரிசார்ட்டும் சூறாவளிக் கால முன்னெச்சரிக்கையும்

கேள்வி (டாலஸிலிருந்து ஒரு வாசகர்): மனைவி, இரண்டு குழந்தைகள், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் ஆகியோருடன் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மெக்சிகோவின் கான்கூனுக்கு ஐந்து நாள் சென்றுவர நினைக்கிறேன். உணவும் தங்கலும் சேர்ந்த கட்டணத்தில் கடற்கரை ரிசார்ட் ஒன்று டிசம்பர் விலையில் பாதிக்கே அறை தருகிறது. சூறாவளிக் காலம், வேண்டாம் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். சென்னையில் வர்தா புயலை நேரில் பார்த்தவன் நான். அவ்வளவு அஞ்ச வேண்டுமா?

பதில்: வர்தாவை அளவுகோலாகக் கொள்வதைத்தான் முதலில் கைவிட வேண்டும். அட்லாண்டிக்கில் ஹரிகேன் என்றும் வங்கக் கடலில் சைக்ளோன் என்றும் வழங்கப்படுவது ஒரே வகைப் புயல்தான். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிலோமீட்டராக இருந்தது. 2005 அக்டோபரில் கான்கூன் பகுதியைத் தாக்கிய வில்மாவின் காற்றோ 200 கிலோமீட்டரைத் தாண்டியது. காற்றின் வேகம் இரு மடங்கானால், அது சுவரின் மீதும் கண்ணாடியின் மீதும் செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வர்தா ஒரே பகலில் கடந்து போனது. வில்மா அக்டோபர் 21 அன்று கோசுமெல் தீவில் கரையேறி, யுகட்டான் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஊர்ந்துகொண்டிருந்தது. கான்கூனுக்கு எதிரே உள்ள இஸ்லா முஹேரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட இது அதிகம். ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் பல நாள்கள் தரையில் படுத்திருந்தார்கள். அவர்களில் பலர் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெரிடா நகருக்குப் பேருந்தில் சென்றுதான் விமானம் ஏற முடிந்தது.

ஆகவே செல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் 10 அளவில் வருகிறது. உச்சக் காலத்திலும், நீங்கள் தங்கும் அந்த ஐந்து நாளில் அந்த ஊரையே சூறாவளி நேராகத் தாக்கும் வாய்ப்பு சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய வாய்ப்பை உங்கள் தோளுக்கு மாற்றிவிடுவதற்காகத்தான் ரிசார்ட் பாதி விலை கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் நான் தயங்காமல் சரி என்றிருப்பேன். எழுபது வயதை ஒட்டிய பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வதென்றால், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். அது கிடைக்காவிட்டால் பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிப் போடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ரிசார்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் பெற வேண்டியவை சில உண்டு. கான்கூனின் ஹோட்டல் பகுதி, ஒரு புறம் கரீபியன் கடலும் மறுபுறம் நிச்சுப்தே காயலும் சூழ்ந்த, இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒடுங்கிய மணல் திட்டு. அதன் முதுகில் ஓடும் பிரதான சாலை ஒன்றுதான். பெரும் புயல் நெருங்கும்போது இத்திட்டிலுள்ள ஹோட்டல்கள் சில, தங்கள் கட்டடத்துக்குள்ளேயே விருந்தினரைக் காப்பதற்கு அங்கீகாரம் பெற்றவையாக இருக்கும். மற்றவை விருந்தினரை நகரத்துப் பள்ளிகளுக்கோ கடலிலிருந்து தள்ளியுள்ள வேறு விடுதிகளுக்கோ பேருந்தில் அனுப்பிவிடும். ஆகவே முதல் கேள்வி, உங்கள் ரிசார்ட் இவற்றில் எந்த வகை என்பதாக இருக்கட்டும். மெக்சிகோவின் பேரிடர் காப்புத் துறைக்கு ‘புரொடெக்சியோன் சிவில்’ என்று பெயர். புகலிடத்தை அங்கே ‘ரெஃபூஹியோ’ என்பார்கள். அந்தத் துறை ஏற்றுக்கொண்ட ரெஃபூஹியோ உங்கள் கட்டடத்தில் உண்டா, அது எந்தத் தளத்தில் இருக்கிறது, வெளியில் அனுப்புவதானால் எந்த இடத்துக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்து, ஜெனரேட்டர் எத்தனை நாளுக்கு ஓடும், அது விளக்குகளுக்கு மட்டுமா, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பத்தாவது மாடிக் குழாயில் தண்ணீர் வருவது அந்த மோட்டாரால்தான். “எங்கள் விருந்தினரின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்” என்ற ஒரு வரி மட்டும் பதிலாக வந்தால், உங்கள் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றே கொள்ளுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி): நாங்கள் பதிவு செய்துள்ள ரிசார்ட் ‘சூறாவளி உத்தரவாதம்’ தருகிறது. அது இருக்கும்போது பயணக் காப்பீடு தனியாக வாங்க வேண்டுமா? புறப்படும் வாரத்தில் வானிலையைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டால் போதாதா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போதாது. கரீபியனில் உருவான ஒரு புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டால், காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் அது ஏற்கெனவே தெரிந்த ஆபத்து ஆகிவிடும். அதன் பின்பு வாங்கும் காப்பீடு அந்தப் புயலால் ஏற்படும் இழப்புக்குப் பணம் தராது. ஆகவே முன்பதிவுக்கு முதல் தவணை கட்டிய கையோடு காப்பீட்டை வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் ‘எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்’ என்ற கூடுதல் பிரிவு விற்கப்படுகிறது. வழக்கமான காப்பீடு, விமானம் ரத்தானாலோ ரிசார்ட் தங்க முடியாத நிலைக்குப் போனாலோதான் பணம் தரும். “புயல் வரும்போல் இருக்கிறது, பயமாக இருக்கிறது” என்பதை அது காரணமாக ஏற்காது. அந்தப் பயத்துக்கும் பணம் தருவது இந்தக் கூடுதல் பிரிவு. ஆனால் முழுத் தொகையும் வராது; பெரும்பாலும் 50 முதல் 75 விழுக்காடு வரைதான் வரும். முதல் தவணை கட்டிய இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பதும், புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்திருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனைகள்.

ரிசார்ட்டின் உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, விளம்பரப் பலகையை விட்டுவிட்டு விதிகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். இப்படிப்பட்ட உத்தரவாதங்கள் பெரும்பாலும் ரொக்கமாகப் பணம் தருவதில்லை. வேறொரு முறை வந்து தங்கும்போது கழித்துக்கொள்ளும் வரவுத் தொகையாகத்தான் தருகின்றன. சில உத்தரவாதங்கள், சூறாவளி வலிமை கொண்ட காற்று அந்த இடத்தையே தாக்கினால்தான் செல்லும். புயல் அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கடந்து, நான்கு நாளும் மழையில் அறைக்குள் முடங்கிக் கிடந்தீர்கள் என்றால் அதற்கு எதுவும் கிடைக்காது. உங்கள் விமானச் சீட்டுக்கும் அந்த உத்தரவாதத்துக்கும் தொடர்பே இல்லை. காப்பீட்டுக்கு அது மாற்றாகாது. கையிலிருக்கும் கிரெடிட் கார்டில் பயணத் தடைக் காப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்; இரண்டு முறை பணம் கட்டுவானேன்?

கேள்வி (ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்): நாங்கள் ரிசார்ட்டில் இருக்கும்போதே எச்சரிக்கை வந்துவிட்டால், உடனே கிளம்புவதா, ஹோட்டல்காரர்கள் சொல்லும்வரை காத்திருப்பதா?

பதில்: இந்த ஒரு முடிவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மியாமியிலுள்ள அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் இரண்டு படிகளில் எச்சரிக்கிறது. ஒரு கரைக்கு ஆபத்து வரக்கூடும் என்ற முதல் நிலையை, பலத்த காற்று அங்கே தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரத்துக்கு முன்பும், ஆபத்து வரும் என்று எதிர்பார்க்கப்படும் இரண்டாம் நிலையைச் சுமார் 36 மணி நேரத்துக்கு முன்பும் அறிவிக்கிறது. மெக்சிகோவுக்குத் தனியாக வண்ண முறை ஒன்று உண்டு. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஆபத்து ஏறும். புயல் செல்லும் வழியைக் காட்டும் வரைபடத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பு, புயலின் அகலத்தைக் காட்டுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். புயலின் மையம் எங்கே போகக்கூடும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. மையம் அந்தக் கூம்புக்கு வெளியே போய்விடுவதும் மூன்று முறையில் ஒரு முறை நடக்கும். கூம்பின் விளிம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடைய வேண்டாம்.

என் கருத்து, முதல் நிலை அறிவிப்பு வந்த அன்றே கிளம்புங்கள் என்பதுதான். அந்த நேரத்தில் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணமின்றித் தேதி மாற்ற அனுமதிக்கும். இரண்டாம் நிலை வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், இருக்கை கிடைக்காது. காற்று வலுத்துவிட்டால் விமான நிலையமே மூடப்படும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால், பெற்றோரையும் குழந்தைகளையும் ஒரு பெரியவருடன் முதலில் அனுப்பிவிடுங்கள். மெரிடாவுக்குப் பேருந்தில் போய்விடலாம் என்ற யோசனையும் சொல்லப்படும். புயல் தெற்கே போகிறது என்றால் அது நல்ல யோசனைதான். ஆனால் 2002-இல் இசிடோர் சூறாவளி வதைத்தது மெரிடாவைத்தான். வழியைப் பார்க்காமல் பேருந்தில் ஏறினால், புயலைத் தேடிப் போவதாகவும் முடியலாம்.

ஹோட்டல்காரர்கள் சொல்லும்வரை ஏன் காத்திருக்கக் கூடாது என்பதற்குப் பசிபிக் கரையிலுள்ள அகபுல்கோவைப் பாருங்கள். 2023 அக்டோபர் 24 காலையில் ஓட்டிஸ் வெறும் வெப்பமண்டலப் புயலாக இருந்தது. அன்று நள்ளிரவு தாண்டி அது கரையேறியபோது, மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மிகுந்த காற்றுடன் வலிமையில் உச்சமான ஐந்தாம் வகைச் சூறாவளியாகிவிட்டது. உயர்ந்த ஹோட்டல்களின் கண்ணாடிகள் நொறுங்கி, அறைகளின் உள்சுவர்கள் பெயர்ந்தன. அங்கே தங்கியிருந்தவர்கள் குளியலறைகளிலும் நடைவழிகளிலும் ஒடுங்கியிருந்து உயிர் தப்பினார்கள். அத்தனை விரைவாக வலுக்கும் புயலில், ஹோட்டல் நிர்வாகத்துக்கே தகவல் பிந்தித்தான் கிடைக்கும். அதேசமயம், அதிகாரிகள் வெளியேறச் சொல்லிவிட்டால் வாதம் செய்யாதீர்கள். 2020 அக்டோபரில் டெல்டா சூறாவளி வந்தபோது கான்கூன் ஹோட்டல்களிலிருந்து விருந்தினர்களைப் பேருந்துகளில் அப்புறப்படுத்தினார்கள். விலையுயர்ந்த அறையை விட்டுப் பள்ளித் தரையில் படுப்பதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து ஒரு வாசகி): கிளம்ப முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? என் மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

பதில்: கடலைப் பார்த்த அறைக்குத்தான் அதிகப் பணம் கட்டியிருப்பீர்கள், அன்றிரவு அந்த அறையில் இருக்கக் கூடாது. மேல் மாடிகளில் காற்று இன்னும் வலுவாக இருக்கும். தரைத் தளத்திலோ கடல்நீர் ஏறி வரக்கூடும். ஆகவே ஜன்னல் இல்லாத உள்கூடம், நடைவழி, உட்புறக் குளியலறை ஆகியவற்றில், நீர் எட்டாத, ஆனால் தாழ்ந்த மாடியில் இருப்பதே நல்லது. மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம். மாமியாரைப் படிக்கட்டில் மெல்ல இறக்குவதற்கு நேரம் வேண்டும் என்பதால், காற்று தொடங்கும் முன்பே கீழே வந்துவிடுங்கள். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், கழிவறைக்கு உதவும். குடிப்பதற்குத் தலைக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்ற கணக்கில் தனியாக எடுத்து வையுங்கள். இரைச்சல் திடீரென்று அடங்கி வானம் வெளுத்தால், அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும். அந்த இடைவெளியில் கடற்கரைக்குப் படம் எடுக்கப் போனவர்கள் திரும்பி வருவது கடினம்.

இன்சுலினைப் பொறுத்தவரை, பயன்பாட்டிலுள்ள பேனாக்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் மின்சாரம் போன கரீபியன் அறை அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். தண்ணீரில் நனைத்தாலே குளிர்ச்சி தரும் மருந்துப் பைகள் விற்கப்படுகின்றன. ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஐந்து நாள் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் மருந்து எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கண்ணாடி ஜன்னலில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடியை அது காப்பதில்லை. உடையும்போது பெரிய துண்டுகளாக விழச் செய்யக்கூடும். டேப் ஒட்டும் நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள்.

கேள்வி (மீண்டும் டாலஸ் வாசகர்): புயல் முடிந்தபின் விமானம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா? எங்களிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு.

பதில்: அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து புறப்படும் விமானத்தை நிறுவனமே ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று விமானத்தையும் பயண வரவுத் தொகையையும் நீங்கள் ஏற்காவிட்டால், பயன்படுத்தாத பகுதிக்கான பணத்தை அவர்கள் தந்தாக வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள்களுக்குள்ளும், மற்ற வழிகளில் கட்டியிருந்தால் 20 நாள்களுக்குள்ளும் அது திரும்ப வர வேண்டும். அவசரத்தில் மாற்று விமானத்துக்குச் சரி என்று அழுத்திவிட்டால் இந்த உரிமை போய்விடும். கூடுதலாகத் தங்கிய ஹோட்டல் செலவை விமான நிறுவனம் ஏற்காது. வானிலைக்கு அவர்கள் பொறுப்பில்லை. அதற்குக் காப்பீட்டிடம்தான் போக வேண்டும். ரசீதுகளையும் ரத்து அறிவிப்பின் படத்தையும் அதற்காகச் சேர்த்து வையுங்கள்.

செல்லத்தக்க அமெரிக்க விசா இருப்பதால்தான் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களை மெக்சிகோ தன் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. திரும்பி வரவும் அதே விசாத்தாள் வேண்டும். கடவுச்சீட்டுகளையும் உங்கள் வேலை அனுமதிக் கடிதத்தையும் நீர் புகாத பையிலிட்டு, அறைப் பெட்டகத்தில் விடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத ஹோட்டலில் மின்னணுப் பெட்டகம் திறக்காமல் போகலாம். கொஞ்சம் பெசோ நோட்டுகளும் இருக்கட்டும், புயலுக்குப் பின் ஏடிஎம்மும் கார்டு இயந்திரமும் பல நாள் வேலை செய்யாது. அவசர உதவிக்கு மெக்சிகோவிலும் எண் 911 தான்.