டிரம்ஸ் மட்டுமே பின்னணி இசை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜாஸ் டிரம்மர்கள் படங்களுக்கு இசையமைப்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலான கேள்விகள் 2014இல் வந்த ‘பேர்ட்மேன்’ பற்றித்தான். அதற்கு டிரம்ஸ் வாசித்து இசையமைத்தவர் அந்தோனியோ சான்செஸ். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மெட்டே இல்லாமல் வெறும் டிரம்ஸை வைத்து ஒரு படத்தையே எப்படித் தாங்க முடிகிறது, சார்?

அந்தப் படம் ஒரே ஷாட்டில் எடுத்ததுபோல ஓடும். வெட்டுகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதால், எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதிக இடமில்லை. அந்த வேலையை டிரம்ஸ் எடுத்துக்கொண்டது. நல்ல தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு சுரம்கூட இல்லாமல் சபையை நுனி நாற்காலிக்குக் கொண்டுவர முடியும் என்று.

சான்செஸ் படத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாரா?

இல்லை, படம் எடுப்பதற்கு முன்பே வாசித்தார்! எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அவர் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர், ஜாஸ் கிதார் கலைஞர் பேட் மெத்தனியின் குழுவில் வாசித்தவர். முதலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாளம் என்று திட்டமிட்டு, பதிவுசெய்து அனுப்பினார். இயக்குநர் இன்யாரித்து அதை ஏற்கவில்லை. எனக்கு ஜாஸ் வேண்டும், அந்த நேரத்தில் தோன்றுவது வேண்டும் என்றார்.

அப்புறம் இருவரும் நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் காட்சியை விவரித்துவிட்டு எதிரே உட்கார்ந்து மனதுக்குள் அதை ஓட்டிப் பார்ப்பார். நாயகன் கதவைத் திறக்கும் இடத்தில், திரும்பும் இடத்தில் கையைத் தூக்குவார். உடனே சான்செஸ் வாசிப்பை மாற்றுவார். அந்தப் பதிவுகளை ஒத்திகையில் நடிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இசைக்கு ஏற்ப நடை அமைந்தது. படம் ஓரளவு தயாரானதும், லாஸ் ஏஞ்சல்ஸில் படத்தைப் பார்த்தபடி மறுபடியும் வாசித்தார்.

டிரம்ஸ் ஏன் அவ்வளவு பழையதாக, கரகரவென்று கேட்கிறது?

வேண்டுமென்றே செய்தது. முதல் பதிவு ரொம்பச் சுத்தமாக இருந்தது, கதை நடக்கும் நாடக அரங்கின் பின்கட்டுக்கு அது ஒட்டவில்லை. அதனால் தோல்களின் சுருதியைத் தளர்த்தி, சிம்பல்களை, அதாவது உலோகத் தட்டுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாசித்தார். டிரம்மருக்கு இசையமைப்பு என்பதில் பாதி இதுதான்: எந்தத் தோல், எந்தக் குச்சி, எவ்வளவு இழுவை.

படத்தில் தெருவில் வாசிப்பவர் அவர்தானா, அண்ணா?

இல்லை தம்பி, அது நேட் ஸ்மித். அவரும் அருமையான ஜாஸ் டிரம்மர்.

இதற்கு ஆஸ்கர் தரவில்லையே, ஏன்?

போட்டிக்கே எடுத்துக்கொள்ளவில்லை. மாலர், சைக்காவ்ஸ்கி, ராவெல் போன்ற மேற்கத்திய செவ்வியல் மேதைகளின் இசையும் படத்தில் இருப்பதால் டிரம்ஸின் பங்கு நீர்த்துப்போகிறது என்று ஆஸ்கர் அகாடமியின் இசைப் பிரிவு சொல்லிவிட்டது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. எனக்கு இன்றும் அந்த முடிவில் உடன்பாடில்லை. படம் பார்த்தவர் யாரிடமும் இசை எப்படி என்று கேளுங்கள், டிரம்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். 2016இல் கிராமி கிடைத்தது.

அவருக்கு முன்னால் வேறு டிரம்மர்கள் உண்டா?

உண்டு. சிக்கோ ஹாமில்டனைத் தேடிக் கேளுங்கள். 1965இல் வந்த, இயக்குநர் போலன்ஸ்கியின் ‘ரிபல்ஷன்’ அவர் இசை. லண்டனில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் மனம் கலைவதுதான் கதை. தொடக்கத்தில் திரை முழுக்க ஒரு கண், அதன்மேல் டிரம்ஸ். அங்கேயே பயம் பிடித்துவிடும். ஷெல்லி மேன்னும் படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தவர்.

‘விப்லாஷ்’ இதில் சேருமா?

சேராது. அது டிரம்மரைப் பற்றிய கதை. இசை ஜஸ்டின் ஹர்விட்ஸ்.

நான் டிரம்ஸ் கற்கிறேன். இதைப் பழக வழி உண்டா?

தெரிந்த படம் ஒன்றில் வசனம் குறைந்த காட்சியை எடுத்து, ஒலியை அணைத்துவிட்டு, குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் மெதுவாக வாசியுங்கள். நடிகரின் ஒவ்வொரு அசைவையும் அடித்துக் காட்ட வேண்டாம். அவர் முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் மாறுங்கள். பதிவுசெய்து படத்தோடு சேர்த்துக் கேளுங்கள். அடித்தது எங்கே அதிகம் என்று உடனே புரியும்.