மசோதா வரும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்

கேள்வி: அப்பா கிரயம் வாங்கிய 18 சென்ட் இடம் இருக்கிறது. அவருக்கு டயாலிசிஸ் நடந்த சமயத்தில், அலைய முடியாது என்று 2014ல் பெரியப்பா மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். 2016 டிசம்பரில் அப்பா இறந்துவிட்டார். அப்பா படிக்க வைத்து ஆளாக்கிய அதே அண்ணன், 2018ல் அந்தப் பவரை வைத்துத் தன் மனைவி பெயருக்கே கிரயம் செய்துகொண்டார். 2019ல் கல் நட்டு வேலி போட்டார். கேட்டதற்குப் பாதுகாப்புக்காக என்றார். நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். 2023 ஜனவரியில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. பிப்ரவரியில், மோசடிப் பதிவை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் தந்த பதிவுச் சட்டம் 77-ஏ பிரிவில் அவரிடம் மனு கொடுத்தோம். சட்டப்பிரிவே செல்லாது என்று சொல்லி 2024 அக்டோபரில் மனுவை முடித்துவிட்டார்கள். பட்டாவையும் மாற்றிவிட்டார். போலீஸ் ரசீது மட்டும் தருகிறது. அம்மா அழுதபடியே இருக்கிறார். பவரில் இருப்பது அப்பா கையெழுத்துதானா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. மூலப்பத்திரம் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. சட்டமன்றத்தில் புது மசோதா நிறைவேறிவிட்டது, அது வந்தால் பத்திரம் தானாக ரத்தாகும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்கிறார் பத்திர எழுத்தர். காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் கேஸில் சட்டப்படி கணக்கில் வருவது ஒன்றுதான்: பவர் கொடுத்தவர் 2016ல் இறந்துவிட்டார், கிரயம் 2018ல் நடந்திருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவின்படி, கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. படிக்க வைத்தது, பட்டா மாறியது, போலீஸ் அலைய விட்டது எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் ஆகாது. தீர்ப்பு வந்தால் அதுவும் பின்னாலேயே வரும்.

கையெழுத்துச் சந்தேகத்தையும் இன்றோடு விடுங்கள். அப்பா எழுதிக் கொடுத்தார் என்று தொடங்கி, அவர் கையெழுத்தே இல்லை என்று ஒரே கடிதத்தில் முடித்திருக்கிறீர்கள். கோர்ட்டில் இரண்டையும் சொன்னால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ் ஒரு தாள், யாராலும் மறுக்க முடியாது. அதை விட்டுவிட்டுக் கைரேகை நிபுணர், கையெழுத்து நிபுணர் என்று போனால் சில வருடங்கள் அதிலேயே போகும்.

குடும்ப விஷயங்களில் கொள்ளி, கருமாதி மட்டும் வழக்குக்கு வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 208வது பிரிவு, இறப்பு ஏஜென்டுக்குத் தெரிந்த பிறகுதான் அவர் அதிகாரம் போகும் என்கிறது. வாங்கியவருக்கும் அப்படித்தான். உங்கள் அண்ணனும் அண்ணியும் காரியத்தில் நின்றார்களா? கருமாதிப் பத்திரிகையில் பெயர் இருக்கிறதா? புகைப்படம் இருக்கிறதா? அவற்றை எடுத்து வையுங்கள். அப்புறம், பவர் ஏஜென்ட் கிரயம் பதியும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்ச் சான்றைப் பதிவு அலுவலகம் கேட்கும். 2018ல் உங்கள் அப்பாவுக்காக யாராவது அப்படி ஒரு சான்று வைத்திருந்தால், அதன் சான்றிட்ட நகல்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஆவணம்.

இனி மசோதா. எழுத்தர் சொல்வது, 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய பதிவுச் சட்டத் திருத்த மசோதாவாக இருக்க வேண்டும். மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன விதி 55-ஏவை அதே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உரிமையைச் சரிபார்ப்பது சார்பதிவாளர் வேலையில்லை, அதற்கு 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தில் இடமில்லை என்பது காரணம். விதியாக நிற்காததைச் சட்டத்துக்குள்ளேயே வைக்கத்தான் அந்த மசோதா. அது பதிவுக்கு வரும் பத்திரத்தை வாசலில் நிறுத்தும். பதிந்து முடிந்த பத்திரத்தை ரத்து செய்யாது. 2018ல் அது இருந்திருந்தால் உங்கள் அண்ணன் மாட்டியிருப்பார், உண்மை. இன்று அது எந்தக் கட்டத்தில் இருந்தாலும் உங்கள் பத்திரத்துக்கு ஒன்றும் செய்யாது.

சரி, 77-ஏ மாதிரி இன்னொரு மசோதா வரட்டும் என்கிறீர்களா? அந்த 77-ஏவின் கதையையே பாருங்கள். சட்டமன்றத்தில் நிறைவேறியது 2021 செப்டம்பரில். பதிவு விவகாரம் பொதுப்பட்டியலில் வருவது, மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால் அரசமைப்புச் சட்டம் 254(2)ன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். நடைமுறைக்கு வந்தது 2022 ஆகஸ்டில். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. இதற்கு மேல், 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கெடு வைக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டது. நீட் விலக்கு மசோதா இரண்டு முறை நிறைவேறியும் ஒப்புதல் கிடைக்காமல் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். மசோதாவுக்குக் கெடு கிடையாது. உங்களுக்குக் கெடு இருக்கிறது.

77-ஏ மனு போட்டவர்களில் ஜெயிக்க வேண்டிய கேஸை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பதிவாளர் ரத்து செய்துவிடுவார் என்று சிவில் கோர்ட் பக்கமே போகாமல் இருந்தார்கள். பிரிவு போனதும் அடுத்த மசோதாவுக்குக் காத்திருந்தார்கள். காலவரையறைச் சட்டம் 59வது இனத்தின்படி, பத்திரத்தை ரத்து செய்யக் கோர மூன்று வருடம், விஷயம் முதலில் தெரிந்த நாளிலிருந்து. கெடு தாண்டி வந்த வழக்கை, எதிராளி வாயே திறக்காவிட்டாலும் நீதிபதி தள்ளியாக வேண்டும். அது அந்தச் சட்டத்தின் 3வது பிரிவு. தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது மேல்முறையீட்டுக்கு உண்டு. அசல் வழக்குக்குக் கிடையாது.

நீங்கள் 2023 ஜனவரி என்கிறீர்கள். 77-ஏ மனுவின் நகலையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். அதன் நான்காவது பத்தியை நீங்கள் படித்தீர்களா? "கடந்த 2022 தீபாவளி சமயம் எனது சித்தி மூலம் மேற்படி கிரயம் பற்றித் தெரியவந்தது" என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. எழுத்தர் வாக்கியம் சரளமாக வரட்டும் என்று போட்டிருப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடும் வரி அதுதான். அந்தக் கணக்கில் மூன்று வருடம் 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2019ல் வேலி போட்டபோதே தெரியும் என்றும் வாதிடுவார்கள். அவரே "பாதுகாப்புக்காக" என்று சொன்னதற்கு வாட்ஸ்அப், ஆடியோ ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள்.

இரண்டு வழி மிச்சம் இருக்கிறது. ஒன்று, காலவரையறைச் சட்டம் 14வது பிரிவு. அதிகாரம் இல்லாத இடத்தில் நல்லெண்ணத்தோடு நடத்திய காலத்தைக் கழிக்கலாம். கோர்ட் அல்லாத, தீர்ப்பளிக்கும் அதிகார அமைப்புகளுக்கும் இந்தக் கொள்கை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2015ல் சொல்லியிருக்கிறது. உங்கள் மனு நிலுவையில் இருந்த ஏறக்குறைய இருபது மாதத்தைக் கழித்தால், 2027 ஜூன் வரை இழுக்கலாம். ஆனால் அது வாதம்தான், உறுதி இல்லை. மனு முடிந்த பிறகு எழுத்தர் பேச்சைக் கேட்டு நீங்கள் சும்மா இருந்த மாதங்கள் இதில் சேராது.

மற்றது, நான் முதலில் நிறுத்தும் வழி: இறந்தவர் சார்பில் எழுதிய கிரயம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, அதை ரத்து செய்யத் தேவையே இல்லை என்று சொல்லி, உரிமை விளம்புகையும் (சொத்து உங்களுடையது என்ற கோர்ட் அறிவிப்பு) சுவாதீன மீட்பும் (இடத்தைத் திரும்பக் கையில் பெறுவது) கேட்பது. உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்க 65வது இனம் பன்னிரண்டு வருடம் தருகிறது, எதிராளி இடத்தைக் கையில் வைத்திருப்பது உங்களுக்கு விரோதமாக மாறிய நாளிலிருந்து. வேலி போட்ட 2019ஐ எடுத்தாலும் 2031 வரை இடம் இருக்கிறது.

இங்கேதான் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். சுவாதீனம் கேட்டால் சந்தை மதிப்புக்குக் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டுமே என்று பயந்து, விளம்புகையும் தடையாணையும் மட்டும் கேட்பார்கள். இடம் எதிராளி கையில் இருக்கும்போது வெறும் விளம்புகை கேட்டால் குறித்தவகை நிவாரணச் சட்டம் 34வது பிரிவில் வழக்கு அடிபடும். வருடக்கணக்கில் நடத்தி, சாட்சியெல்லாம் முடிந்து, இந்த ஒரு காரணத்தால் தோற்றவர்கள் உண்டு. ஏழரை சதவீதமாக இருந்த ஃபீஸை 2017ல் சட்டமன்றம் மூன்றாகக் குறைத்துவிட்டது. கட்டிவிடுங்கள். பிராதில் (வழக்கு மனுவில்) அம்மாவையும் உங்கள் கூடப் பிறந்தவர்களையும் சேருங்கள். தங்கைக்கு நகை போட்டு அனுப்பியாகிவிட்டது என்று அவரை விட்டுவிடாதீர்கள். அப்பா வாங்கிய சொத்தில் அவருக்கும் உங்கள் அளவுக்குப் பங்கு இருக்கிறது.

அவசரப்படுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணி அந்த இடத்தை நாளைக்கே மனை பிரித்து விற்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர், சொத்து மாற்றுச் சட்டம் 52வது பிரிவு. வழக்குக்கு முன்னால் வாங்குபவர் வீடு கட்டிக் குடியேறி, எனக்கு ஒன்றும் தெரியாது என்பார். அப்போது ஒருவரோடு நடத்த வேண்டிய வழக்கை ஆறு பேரோடு நடத்துவீர்கள்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத ஒரு கேள்வி. டயாலிசிஸ் செலவுக்கு உங்கள் அண்ணன் பணம் கொடுத்தாரா? நேராகப் பதில் சொல்லுங்கள், முதலில் அம்மாவிடம் கேட்டுவிட்டு. உங்கள் அண்ணன் எடுக்கக்கூடிய ஒரே நல்ல வாதம் அதுதான். பணம் கொடுத்துத்தான் பவர் வாங்கினேன், கிரய ஒப்பந்தமும் இருக்கிறது என்று நிரூபித்தால், ஒப்பந்தச் சட்டம் 202வது பிரிவின்படி அந்தப் பவர் மரணத்தோடு முடியாது என்று வாதிடலாம். அதற்கு எதிராக உங்களிடம் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: உண்மையில் விலை கொடுத்தவர் மூலப்பத்திரத்தை வாங்காமல் விடமாட்டார். அது உங்கள் பீரோவில் இருக்கிறது. யாரிடமும் கொடுக்காதீர்கள், சரிபார்க்க என்று கேட்டாலும்கூட.

ஆனால் ஆஸ்பத்திரி பில்லில் அவர் பணம் நிஜமாகவே இருந்தால், சமாதானமாகப் போங்கள். அவர் கொடுத்த பணத்தைத் திருப்பியோ, ஐந்தாறு சென்ட் விட்டோ முடித்துக்கொள்வது பத்து வருடக் கோர்ட்டைவிட உங்கள் அம்மாவுக்கு நல்லது. அவர் வயதில் இருப்பவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதை நான் பார்த்திருக்கிறேன், அது அவருக்கு நேரக் கூடாது. ஒரே நிபந்தனை: முதலில் வழக்கு, பிறகு பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெள்ளைத் தாளில் எழுதும் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போய்க் கெடு முடிந்ததும் எதிராளி எழுந்து போன கேஸ்கள் உண்டு. வழக்கு நிலுவையில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிக்கலாம், அது கோர்ட் தீர்ப்பாணை (டிகிரி) ஆகிவிடும், கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, 2014 பவர், 2018 கிரயம், அதோடு வைத்த உயிர்ச் சான்று, மாவட்டப் பதிவாளர் கோப்பு முழுவதற்கும் சான்றிட்ட நகல் மனு. அந்தக் கோப்பில் உங்கள் அண்ணன் கொடுத்த பதிலும் இருக்கும். அப்பா எப்போது இறந்தார் என்பது தனக்கு எப்போது தெரியும் என்று அதில் அவரே எழுதியிருக்கக்கூடும். எழுத்தர் மூலம் வேண்டாம், நீங்களே நேரில் போங்கள். எல்லாம் கைக்கு வந்ததும் உங்கள் ஊர் சிவில் வக்கீலிடம் கொடுத்து, பிராதை எழுதும் முன்பு அந்த நான்காவது பத்தியை அவரிடம் காட்டுங்கள்.