சபை இல்லத்தில் தம்பியை விடலாமா? – பதில்

அக்கா, அடுத்த மாதம் தைப்பிங் சிறையிலிருந்து வரும் தம்பியைக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் நடத்தும் போதை மறுவாழ்வு இல்லத்தில் விடலாமா, மதம் மாற்றிவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார் என எழுதியிருந்தீர்கள். நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையன்தான். அப்படியொரு இல்லத்தில் பதினோரு மாதம் இருந்தவன்.

நேரே தோட்டத்து லயத்து வீட்டுக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். நான் வெளியே வந்த அன்று சாயங்காலமே, செம்பனைக் காட்டோரம் பழைய கூட்டாளி மோட்டாரை நிறுத்தி, "என்னடா, ஆளையே காணோம்?" என்றான். மறுபடி பழக்கத்தில் விழ அது போதுமாயிருந்தது. உள்ளே இருந்த நாளில் உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே ஏற்றினால் உயிர் போய்விடும். முதல் இரண்டு வாரம் ரொம்ப ஆபத்து.

இல்லத்தில் விடியற்காலை ஜெபம், பிறகு கோழிக்கூண்டு கழுவும் வேலை. நான் விபூதியோடுதான் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லா இடமும் அப்படியில்லை. நேரில் போய்க் கேளுங்கள்: ஜெபத்துக்கு வராவிட்டால் வெளியேற்றுவீர்களா? மெத்தடோன் குடிக்க விடுவீர்களா? ஹெராயின் பழக்கத்துக்கு அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் அந்த மருந்தை, "விசுவாசம் போதும்" என்று நிறுத்தச் சொன்னால் அந்த இடம் வேண்டாம். ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிப் பூட்டி வைத்தாலும் வேண்டாம். (ஐஸ் எனும் மெத்தம்பெட்டமைன் பழக்கம் என்றால் மெத்தடோன் உதவாது.)

அம்மாவை ஒரு ஞாயிறு கூட்டிப் போய்க் காட்டுங்கள். என் அம்மா முதல் தடவை வாசலைத் தாண்டவில்லை. மூன்றாம் தடவை பாஸ்டர் மனைவியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

தம்பி பரோலிலோ ஏஏடிகே (தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) கண்காணிப்பிலோ வந்தால், எங்கே தங்கப்போகிறார் என்பதை அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.